எப்போது பேனாவை மூடுவது?

ஒரு நாவலை எத்தனை முறை திருத்தி எழுதினால் அது அச்சுக்குத் தயார்? தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர் - திருப்பதிச் சீமையிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

தெலுங்கின் பெருநாவலான ‘வேயி படகலு’வை விசுவநாத சத்யநாராயணா 1934ல் 29 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் பக்கம். பின்னாளில் பிரதமரான பி.வி. நரசிம்ம ராவ் அதை இந்தியில் மொழிபெயர்த்தார். தமிழில் அ. மாதவையா 1892ல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடங்கிய ஒரு கதை, 1903ல்தான் ‘முத்துமீனாட்சி’யாகப் புத்தக வடிவம் பெற்றது. அளவில் சிறியது, ஆனால் 11 ஆண்டுகள் பிடித்தது. இரண்டும் இன்றும் பேசப்படுகின்றன.

ஆகவே நாள் கணக்கையோ பிரதிக் கணக்கையோ வைத்து நாவலை அளக்க முடியாது. ஆனாலும் முதல் நாவலை எழுதி முடித்த எவரும் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கிறது: ‘இன்னும் எத்தனை தடவை திருத்தணும்?’ பதில் சொல்ல ஆள் இல்லாததால் சிலர் அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருந்து கடைசியில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டுமே இழப்புதான்.

இரு மொழி மண்

இந்தக் கேள்வியைச் சித்தூரில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வட ஆற்காட்டின் தாலுகாக்களையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து 1911 ஏப்ரல் 1ல் உருவானது சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் எத்தனை முறை மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடைத்தெருவில் ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார், மற்றவர் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் அது உறுத்தாது.

இந்த மண் நல்ல கதைக்காரர்களைத் தந்திருக்கிறது. தாமலசெருவில் ஆசிரியராக வாழ்ந்த மதுராந்தகம் ராஜாராம் தெலுங்குச் சிறுகதைக்காக 1993ல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர். தமிழிலிருந்து தெலுங்குக்கு நூல்களைக் கொண்டுபோனவரும் அவரே. நாமினி சுப்பிரமணியம் நாயுடு தன் ஊர்ப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். தொழுநோய் மருத்துவராகத் தெலங்கானாவில் பணியாற்றிக்கொண்டே சித்தூர்க் கிராமங்களை எழுதியவர் கேசவ ரெட்டி. அவருடைய ‘அவன் காட்டை வென்றான்’ தமிழ் வாசகர்களுக்கும் நன்றாகப் பழக்கமான நாவல்.

அதை எடுத்துப் பாருங்கள். பன்றி மேய்க்கும் ஒரு கிழவன். காட்டுக்குள் போன அவனுடைய பன்றி திரும்பவில்லை. அதைத் தேடி இரவில் காட்டுக்குள் போகிறான். கிழவனுக்குப் பெயர் கிடையாது. அவனுடைய பூர்வீகம், ஊர்ப் பகை, கிளைக்கதை எதுவும் கிடையாது. ஒரு மனிதன், ஒரு காடு, ஓர் இரவு. வேறு ஒருவர் கையில் இதே கரு 400 பக்க நாவலாகி, கிழவனின் மூன்று தலைமுறையையும் சுமந்திருக்கும். ‘இது இந்தக் கதைக்கு வேண்டுமா?’ என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு பத்தியிலும் கேட்டால் எப்படிப்பட்ட நாவல் கிடைக்கும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சாட்சி.

கரிக்கோடும் கறுப்புக்கோடும்

திருத்தம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. கதையின் அமைப்பைத் திருத்துவது ஒன்று. வாக்கியத்தைத் திருத்துவது இன்னொன்று. பிழை திருத்துவது மூன்றாவது. இவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

திருப்பதியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணி வரைபவர்கள் இந்த வரிசையை மீற மாட்டார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பிறகு கருக்கிய புளியங்குச்சியால் உருவத்தைக் கோடிழுக்கிறார்கள். இந்தக் கரிக்கோட்டைத் தட்டினால் போய்விடும். கை சரியில்லை என்றால் மறுபடி வரையலாம். அடுத்து, பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த கறுப்புச் சாற்றில் மூங்கில் பேனாவைத் தோய்த்து இழுக்கிறார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அழிக்க முடியாது. சிவப்பும் மஞ்சளும் நீலமும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அலசலும் எல்லாம் அதன் பின்னால்தான்.

நாவலிலும் கரிக்கோட்டுக் கட்டம் ஒன்று உண்டு. கதை யாருடையது, யார் சொல்கிறார்கள், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதெல்லாம் அங்கே தீர வேண்டியவை. அது தீராமலே முதல் அத்தியாயத்தின் வாக்கியங்களை மெருகேற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். பிறகு அந்த அத்தியாயமே தேவையில்லை என்று தெரியும்போது, பாடுபட்டு இழைத்த பத்தியை வெட்ட மனசு வராது. மனசு வராததால் தேவையில்லாத அத்தியாயம் புத்தகத்தில் தங்கிவிடும்.

கதை யாருடையது?

மாதவையாவுக்கே திரும்புவோம். 1892ல் அவர் எழுதத் தொடங்கியது ‘சாவித்திரி சரித்திரம்’. இதழில் அது பாதியில் நின்றது. 11 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கருவை ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில், ஒரு பிராமணப் பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாகப் புத்தகமாக்கினார். குழந்தைத் திருமணத்தையும் விதவையின் துயரத்தையும் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெண்ணே பேசினாள். அந்த நாவலின் பலம் அந்தக் குரலில்தான் இருக்கிறது.

இதே போன்ற ஒரு கதை அமெரிக்காவிலும் நடந்தது. ஹார்ப்பர் லீ 1957ல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்ற கைப்பிரதியைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்பும் கதை. அதைப் படித்த எடிட்டர் டே ஹோஹாஃப், உள்ளே சிதறிக் கிடந்த குழந்தைப் பருவ நினைவுகளில்தான் உயிர் இருக்கிறது என்று கண்டுகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருவரும் உட்கார்ந்து உழைத்தார்கள். 1960ல் வந்தது ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. பழைய கைப்பிரதி 2015ல் தனியாக வெளியானபோது இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர்களுக்குத் தெரிந்தது, பழையதை வாக்கியம் வாக்கியமாகத் திருத்தி ‘மாக்கிங்பேர்ட்’டை அடைந்திருக்க முடியாது என்று. கதைக்குள் புதைந்திருந்த இன்னொரு கதையை முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கும் இடைவெளி ஒன்று வாய்த்தது. ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வரத் தொடங்கி அங்கே முடிவடையாமல் நின்ற நாவல், 1966ல்தான் புத்தகமாக முழுமை பெற்றது. இதழுக்கு இதழ் பக்கம் நிரப்ப வேண்டிய கட்டாயம் நீங்கியபின் நாவலாசிரியருக்குக் கிடைக்கும் பெரிய வசதி, தான் எழுதியதையே தூரத்தில் நின்று பார்ப்பது. முதல் பிரதியை முடித்ததும் இரண்டு மாதமாவது அதைத் தொடாமல் வையுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான். எழுதிய சூட்டில் படித்தால், தாளில் இருப்பதைப் படிக்க மாட்டோம். மனசில் இருப்பதைப் படிப்போம்.

திருத்திக் கெடுப்பது

வாக்கியத்துக்கு வருவோம். சித்தூர்ப் பின்னணியில் தமிழில் எழுதுபவருக்கு இங்கேதான் பெரிய சோதனை. மாங்காய் சீசனில் மண்டியில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“இன்னாண்ணா, தோத்தாபுரி லோடு வந்துடுச்சா? தொந்தரகா ரா அண்ணா, லாரி நிக்குது!”

இரண்டாவது திருத்தத்தில் இது இப்படி ஆகிறது: “என்ன அண்ணா, மாங்காய்ச் சரக்கு வந்துவிட்டதா? சீக்கிரம் வாருங்கள், லாரி காத்திருக்கிறது.”

இலக்கணம் நேராகிவிட்டது. மண்டி காணாமல் போய்விட்டது. ‘ரா’ என்ற உரிமையும் ‘அண்ணா’ என்ற மரியாதையும் ஒரே மூச்சில் வருவது அந்த இருவருக்கும் இடையிலுள்ள உறவு. ஒரே வாயில் இரண்டு மொழி வருவது அந்த ஊர். திருத்தியவருக்குப் பிழையாகத் தெரிந்தது, கதைக்குச் சாரமாக இருந்தது. இப்படி நாற்பது இடத்தில் சீர்செய்தால் நாவல் சித்தூரில் நடக்கிறதா, செங்கல்பட்டில் நடக்கிறதா என்று வாசகருக்குத் தெரியாது.

கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை அச்சில் நிறுத்தியதோடு நிற்காமல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்தார். தெலுங்கில் நாமினி செய்ததும் இந்தத் துணிவான காரியம்தான். பேச்சு வழக்கை எழுதுவது என்றால் கேட்டதை எல்லாம் அப்படியே கொட்டுவது என்று பொருளில்லை. புரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே புரியவைக்கும் செயல் இருக்கிறதா என்று பார்ப்பதும் திருத்தத்தின் வேலைதான். மேலே உள்ள பேச்சில் ‘லாரி நிக்குது’ என்பதே ‘தொந்தரகா’வுக்கு விளக்கம் தந்துவிடுகிறது. மதுரை வாசகர் அடிக்குறிப்பு இல்லாமலே கடந்துபோவார்.

முடியாத திருத்தம்

மிகையான திருத்தத்துக்கு உலகம் அறிந்த துயரமான உதாரணம் ரால்ஃப் எலிசன். 1952ல் ‘இன்விசிபிள் மேன்’ எழுதி அமெரிக்க இலக்கியத்தையே அசைத்தவர். இரண்டாவது நாவலை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எழுதினார். 1967ல் வீட்டில் நடந்த தீ விபத்தில் கைப்பிரதியின் ஒரு பகுதி போனது. மறுபடி எழுதினார், மாற்றினார், விரித்தார். 1994ல் அவர் காலமானபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, நாவல் இல்லை. மற்றவர்கள் தொகுத்த ஒரு பகுதி 1999ல் ‘ஜூன்டீன்த்’ என்று வந்தது.

ஹெமிங்வேயும் குறைவாகத் திருத்தியவர் அல்லர். ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதியதாக ஒரு பேட்டியில் சொன்னார். 2012ல் வந்த பதிப்பு 47 முடிவுகளைக் காட்டியது. ஆனால் 1929ல் நாவல் வெளிவந்துவிட்டது. அவர் திரும்பத் திரும்ப எழுதியது ஒரு குறிப்பிட்ட இடத்தை, ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக: காதலியை இழந்த மனிதன் எந்த வார்த்தையோடு மருத்துவமனையை விட்டு வெளியே வருவது? கேள்வி தெளிவாக இருந்ததால் அதற்கு விடை கிடைத்ததும் நிறுத்த முடிந்தது.

தாகூரையும் இங்கே நினைக்கலாம். 1919 பிப்ரவரியில் அவர் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் தங்கியிருந்தார். ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலத்தில் ஆக்கித் தம் கையெழுத்தில் படி எடுத்தது அங்கேதான். மார்கரெட் கசின்ஸ் இசைக்குறிப்பு அமைக்க உதவினார். தாகூருடைய கையெழுத்துப் பிரதிகளில் அடித்தல் திருத்தல் ஏராளம். அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கினார். அறுபது வயதுக்கு மேல் அதுவே அவரை ஓவியத்துக்கு இழுத்துச் சென்றது. திருத்தியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்று அந்தத் தாள்கள் சொல்கின்றன. அவ்வளவு அடித்தல்களுக்கு நடுவிலும் தாகூர் புத்தகங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எலிசனையும் ஹெமிங்வேயையும் அருகருகே வைத்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரிகிறது. திருத்தம் கதைக்காக நடக்கும்வரை நடக்கட்டும். எழுதியவரின் பயத்துக்காக நடக்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். ‘இந்தப் பாத்திரம் ஏன் பொய் சொல்கிறது என்று தெளிவாகவில்லை’ என்பது கதையின் குறை. ‘முதல் நாவலை விட இது கீழே என்று சொல்லிவிடுவார்களோ’ என்பது பயம். பயத்தைத் தீர்க்க எந்தப் பிரதியாலும் முடியாது. பத்தாவது பிரதியிலும் அது அப்படியே இருக்கும்.

இரண்டு வாசகர்கள்

கதையின் குறையா, தன் பயமா என்று பிரித்துப் பார்க்க எழுதியவருக்கே எப்போதும் முடிவதில்லை. அதற்கு வெளியிலிருந்து கண் வேண்டும். பெரிய பதிப்பகங்கள் சில தவிர, தமிழில் கைப்பிரதியை எடுத்து அமைப்பிலிருந்து பார்க்கும் எடிட்டர் என்ற ஆள் அரிது. மெய்ப்பு பார்ப்பவர் இருக்கிறார், ஒற்றுப்பிழை திருத்துவார். ‘ஏழாம் அத்தியாயம் எதற்கு?’ என்று கேட்கும் பொறுப்பை யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவருக்குச் சம்பளம் கொடுக்காத வரை நம் நாவல்கள் தேவைக்கு மேல் தடித்தே வரும்.

அதுவரை எழுத்தாளர் தானே ஏற்பாடு செய்துகொள்ளலாம். கைப்பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கதை நடக்கும் ஊர்க்காரர். மற்றவர் அந்த ஊரை மிதித்தறியாதவர். ஊர்க்காரர் பொய்யைப் பிடிப்பார்: ‘எங்க ஊர்ல இந்தப் பேச்சு கிடையாது, இந்த மாசத்துல மாங்கா கிடையாது.’ வெளியூர்க்காரர் இருட்டைக் காட்டுவார்: ‘இந்த இடத்துல யாரு பேசுறாங்கன்னே புரியலை.’ சித்தூரில் எழுதுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கும் வட்டாரம் இது. இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே குறை நிச்சயம். அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும் இடம் சரிதான். ஒருவர் மட்டும் சுட்டினால் யோசியுங்கள். இருவரும் ஒன்றும் சொல்லாத இடத்தை நீங்கள் மட்டும் நாலாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஜனவரிக்குள் வந்தாக வேண்டுமா?

தமிழ் நாவலின் நாட்காட்டியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சென்னைப் புத்தகக் காட்சி. 1977லிருந்து நடந்துவரும் விழா. பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வரும். புத்தகம் அதற்குள் வந்தால் விற்கும், பேசப்படும் என்பது பதிப்பாளரின் நியாயமான கணக்கு. ஆனால் நவம்பரில் கைப்பிரதி கொடுத்து, டிசம்பரில் லேஅவுட் முடித்து, இரண்டு நாளில் ஃபைனல் புரூஃப் பார்த்து அனுப்பும் நாவலில் அமைப்புத் திருத்தத்துக்கு இடமே இருக்காது. 16 பக்கம் ஒரு ஃபர்மா என்று கணக்குப் போட்டு அச்சுக்கு அடுக்கிய பிறகு, ஒரு அத்தியாயத்தைத் தூக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

வேண்டும் அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் வசதி வந்தபின் இன்னொரு மனப்பான்மையும் சேர்ந்துவிட்டது: முதலில் போடுவோம், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வோம். முதல் பதிப்பை வாங்கியவரும் வாசகர்தான். அவரிடம் முழுக் காசு வாங்கிக்கொண்டு அரைவேக்காட்டைக் கொடுப்பது நியாயமில்லை. ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யை 1962லேயே எழுதிவிட்டார், அச்சில் வந்தது 1972ல். பத்தாண்டு தாமதமும் அந்த நாவலைப் பழசாக்கவில்லை. இந்த ஜனவரியைத் தவறவிட்டதால் எந்த நல்ல நாவலும் செத்துப்போனதில்லை.

கைப்பிரதி தயாரா? ஐந்து சோதனைகள்

1. நாவல் எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் அமைப்பில் வேலை இருக்கிறது.

2. எந்த அத்தியாயத்தையாவது எடுத்துவிட்டால் கதை அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் எடுத்துவிடுங்கள்.

3. உரையாடல் முழுவதையும் சத்தம் போட்டுப் படித்தீர்களா? நாக்கு தடுக்கும் இடத்தில் எழுத்தாளர் பேசுகிறார், பாத்திரம் பேசவில்லை.

4. சென்ற முறை மாற்றிய சொல்லை இந்த முறை பழையபடியே போடுகிறீர்களா? அப்படிப் பத்து இடம் தென்பட்டால் வாக்கியத் திருத்தம் முடிந்துவிட்டது.

5. மெய்ப்பை உங்களைத் தவிர இன்னொருவர் பார்த்தாரா? எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

முதல் இரண்டில் தோற்றால் எத்தனை மாதம் ஆனாலும் உட்காருங்கள். அங்கே அவசரம் காட்டுவது எழுதியதற்கே துரோகம். மூன்றாவதில் தோற்றால் சில வாரங்கள் போதும். நான்காவதைத் தாண்டிவிட்டால், ஐந்தாவதை ஒரு நல்ல மெய்ப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். குறை ஒன்றிரண்டு இருக்கும். குறையே இல்லாத நாவல் எந்த மொழியிலும் இல்லை.

நாவல் என்பது வாசகரிடம் அவருடைய வாழ்நாளின் பல மணி நேரத்தைக் கேட்டு வாங்குவது. அந்த நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பவர் முதல் பிரதியை நீட்ட மாட்டார். கடைசிப் பிரதி என்று ஒன்று வரவே விடாமல் ஒளித்தும் வைக்க மாட்டார். சித்தூரிலும் திருப்பதியிலும் இரு மொழி பேசும் வீடுகளின் கதைகள் தமிழில் இன்னும் மிகக் குறைவாகத்தான் வந்திருக்கின்றன. அவற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் கதைக்கு வேண்டிய அளவு திருத்துங்கள். பிறகு தைரியமாகக் கொடுங்கள். படிக்க ஆள் இருக்கிறது.